வங்கி வேலைக்கு ஒரு வாசல்: ஐ.பி.பி.எஸ். தளம் வந்த கதை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் பாட்டும் படமும் போட்டோவும்தான் ஓடும். இரண்டாவது மாதம் பெரியவர்களிடமிருந்து ஒரு கேள்வி வரும். "இவ்வளவு ரூபாய் கொடுத்து வாங்கியாச்சு. இதுல வேலைக்கு எழுதிப் போட முடியுமா?"

தாராளமாக முடியும். அதிலும் வங்கி வேலை என்றால், இன்று விண்ணப்பம் போடுவதே இன்டர்நெட் வழியாகத்தான். பேப்பரில் நிரப்பித் தபாலில் அனுப்பும் வேலை இல்லை. ஆனால் எந்தத் தளத்திற்குப் போவது, அந்தத் தளம் எப்படி வேலை செய்கிறது, அங்கே யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பது தெரியாமல் மவுஸைப் பிடித்தால், வேலைக்குப் பதில் வேறு ஏதாவது வந்து சேரும்.

எனக்குச் சொந்த ஊர் குமரி மாவட்டம் முட்டம். கலங்கரை விளக்கம், கடலோரப் பாறைகள், சினிமா படப்பிடிப்பு என்று வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே அதிக எழுத்தறிவு பெற்ற மாவட்டம் எங்களுடையதுதான், 91.75 சதவீதம். படிப்பு இருக்கிறது, பக்கத்தில் அதற்கேற்ற வேலை குறைவு. சிலர் கடலுக்குப் போகிறார்கள், சிலர் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள், என்னைப் போன்ற சிலர் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிற்குப் போகிறோம். பட்டம் வாங்கிய இன்னும் பலர் வங்கித் தேர்வுக்குப் படித்துக் கொண்டிருக்கிறார்கள். விடுமுறைக்கு நான் ஊருக்குப் போனால், என்னிடம் வரும் கம்ப்யூட்டர் சந்தேகங்களில் பாதி இந்த விண்ணப்பத்தைப் பற்றித்தான் இருக்கும். அவர்களுக்குச் சொல்வதை இங்கே உங்களுக்கும் வரிசையாகச் சொல்கிறேன்.

சந்தையும் வாசலும்

வேலை தரும் தளங்களை இரண்டு வகையாகப் பிரித்துக் கொள்ளுங்கள். ஒன்று சந்தை, மற்றொன்று வாசல்.

சந்தை வகைத் தளத்தில் நீங்கள் உங்கள் பயோடேட்டாவைப் பதிந்து வைப்பீர்கள். கம்பெனிகள் வந்து தேடிப் பார்க்கும். பிடித்தவரைக் கூப்பிடும். யாரைக் கூப்பிடுவது என்பது கம்பெனியின் விருப்பம்.

வாசல் வகைத் தளத்தில் யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். நீங்கள்தான் விண்ணப்பித்து, தேர்வு எழுதி, மதிப்பெண் பெற்று உள்ளே நுழைய வேண்டும். உங்களைத் தெரிந்தவர் உள்ளே இருக்கிறாரா என்பதற்கு அங்கே வேலை இல்லை.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு கதைக்குள் போவோம்.

வேலைச் சந்தை கம்ப்யூட்டருக்குள் வந்த விதம்

இன்று நாம் பார்க்கும் வெப்சைட்டுகள் வருவதற்கு முன்பே வேலைச் சந்தை கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. 1990-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 'டைஸ்' என்ற சேவை தொடங்கியது. அது வெப்சைட் இல்லை, புல்லட்டின் போர்டு. அதாவது, மோடத்தை டெலிபோனில் இணைத்து ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு டயல் செய்தால், எதிர்முனைக் கம்ப்யூட்டரில் உள்ள அறிவிப்புகள் எழுத்தாக நம் திரைக்கு வரும். கம்ப்யூட்டர் துறை வேலைகள் மட்டும்தான் அதில் இருந்தன. 1994-இல் 'மான்ஸ்டர்' வந்தது. அது எல்லாத் துறை வேலைகளுக்கும் பொதுவான தளம்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. இரண்டே ஆண்டுகளில், 1997 மார்ச்சில், சஞ்சீவ் பிக்சந்தானி 'நௌக்ரி' தளத்தைத் தொடங்கினார். நௌக்ரி என்றால் இந்தியில் வேலை என்று பொருள். அதற்கு முன்பு அவர் ஒரு கம்பெனியில் மார்க்கெட்டிங் வேலையில் இருந்தார். ஆபீசில் பத்திரிகை வந்ததும் எல்லோரும் அதைப் பின்பக்கத்திலிருந்து புரட்டுவதைக் கவனித்தார். வேலை விளம்பரங்கள் அங்கேதான் இருந்தன. வேலையை மாற்றும் எண்ணம் இல்லாதவரும் அதைப் பார்க்காமல் விடுவதில்லை! அந்தப் பழக்கத்தை நம்பித்தான் தளத்தை ஆரம்பித்தார். அதை நடத்தும் இன்ஃபோ எட்ஜ் நிறுவனம் 2006-இல் பங்குச் சந்தையில் பட்டியலானது.

எல்லாத் துறைக்கும் பொதுவான தளங்கள் பெருகியதும், ஒரே ஒரு துறைக்கான தளங்களும் வரத் தொடங்கின. நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்குப் போனால் காய்கறி, வாழைக்குலை, மளிகை எல்லாம் கிடைக்கும். ஆனால் மொத்தமாக மீன் எடுக்க வேண்டியவர் விடியற்காலையில் கடற்கரை ஏலத்திற்குத்தான் வருவார். அங்கே வாங்குபவருக்கும் மீனைத் தெரியும், விற்பவருக்கும் மீனைத் தெரியும். ஒரு துறைக்கென்று உள்ள வேலைத் தளமும் அப்படித்தான்.

வங்கி, நிதித் துறைக்கென்று அப்படி வந்த தளங்களில் உலக அளவில் பெயர் பெற்றது 'ஈஃபைனான்ஷியல் கேரியர்ஸ்'. 2000-இல் லண்டனில் தொடங்கியது. முதலீட்டு வங்கிகள், பங்கு வர்த்தக நிறுவனங்கள், நிதி மேலாண்மை நிறுவனங்கள் ஆகியவற்றின் வேலைகளை மட்டும் தொகுத்துத் தந்தது. பொதுத் தளத்தில் 'அக்கவுண்ட்ஸ் தெரியுமா?' என்று ஒரே ஒரு கட்டம் இருக்கும். இதுபோன்ற தளத்தில் எந்த வகை முதலீடு, எந்த வகைக் கடன், எந்தச் சந்தை என்று நுணுக்கமாகப் பிரித்துத் தேடலாம். 2006-இல் இந்தத் தளத்தை வாங்கியது யார் தெரியுமா? நாம் மேலே பார்த்த டைஸின் தாய் நிறுவனம்தான். சிங்கப்பூர், ஹாங்காங், வளைகுடா நாடுகள் என்று தளம் விரிந்தது. 2021-இல் தளத்தின் பெரும்பான்மை உரிமை அதன் நிர்வாகத்தினர் கைக்கே மாறியது.

இந்தத் தளங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு. விளம்பரம் போடவும் பயோடேட்டாக்களைத் தேடவும் கம்பெனிகள் பணம் கட்டுகின்றன. வேலை தேடுபவர் இலவசமாகவே பதிவு செய்திடலாம். தளத்தின் முக்கிய வருமானம் வேலை கொடுப்பவரிடமிருந்து வருகிறது.

நம் ஊர் அரசு வங்கிகள் ஏன் சந்தைக்கு வரவில்லை?

இந்தியாவில் 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1980-இல் மேலும் 6 வங்கிகள் சேர்ந்தன. கிராமங்களில் எல்லாம் கிளைகள் திறக்கப்பட்டன. ஆயிரக்கணக்கில் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அரசு நிறுவனம் என்று ஆனபிறகு, மேனேஜருக்குப் பிடித்தவரை எடுத்துக்கொள்ள முடியாது. தகுதி உள்ள எல்லோருக்கும் சம வாய்ப்பு கொடுக்க வேண்டும். இட ஒதுக்கீட்டைச் சரியாகப் பின்பற்ற வேண்டும். பயோடேட்டாவைப் பார்த்துக் கூப்பிடும் சந்தை முறை இதற்கு ஒத்துவராது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். அதுதான் தேர்வு.

இந்தத் தேர்வுகளை அறிவியல் முறைப்படி நடத்துவதற்காக 1975-இல் தேசிய வங்கி மேலாண்மை நிறுவனத்துக்குள் ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. 1984-இல் அது தனி அமைப்பாகி, 'இன்ஸ்டிடியூட் ஆஃப் பேங்கிங் பர்சனல் செலக்‌ஷன்' என்று பெயர் பெற்றது. சுருக்கமாக ஐ.பி.பி.எஸ். தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. இது வங்கி இல்லை. அரசுத் துறையும் இல்லை. வங்கிகளுக்காகத் தேர்வு நடத்திக் கொடுக்கும் தன்னாட்சி அமைப்பு.

அந்தக் காலத்தில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, பி.எஸ்.ஆர்.பி. எனப்பட்ட வட்டார வாரியங்களிடம் இருந்தது. வாரியங்கள் 2001-இல் கலைக்கப்பட்டன. அதன்பிறகு ஒவ்வொரு வங்கியும் தனித்தனியாக விளம்பரம் கொடுத்தது. உங்கள் வீட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். வாராவாரம் 'எம்ப்ளாய்மென்ட் நியூஸ்' வாங்க வேண்டும். ஒவ்வொரு வங்கிக்கும் தனி விண்ணப்பம், தனி டிமாண்ட் டிராஃப்ட், தனித் தேர்வு. இரண்டு வங்கிகளின் தேர்வு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் ஒன்றை விட்டுவிட வேண்டியதுதான். பணம் இருப்பவர் பத்து வங்கிக்கு எழுதுவார். இல்லாதவர் இரண்டு வங்கிக்கு எழுதுவார். திறமை ஒன்றாக இருந்தாலும் வாய்ப்பு ஒன்றாக இல்லை.

2011: பல கதவுகளுக்குப் பதில் ஒரு வாசல்

2011-இல் நிலைமை மாறியது. 19 அரசு வங்கிகள் சேர்ந்து ஒரே எழுத்துத் தேர்வை ஏற்றுக்கொண்டன. ஐ.பி.பி.எஸ். அந்தப் பொது எழுத்துத் தேர்வை நடத்தியது. விண்ணப்பம் முழுவதும் இன்டர்நெட் வழியாக. ஒரு விண்ணப்பம், ஒரு கட்டணம், ஒரு தேர்வு. ஐ.பி.பி.எஸ். தளம் நாடு முழுவதும் உள்ள பட்டதாரிகளுக்குப் பழக்கமானது அப்போதுதான். அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

* 2011: விண்ணப்பம் மட்டும்தான் ஆன்லைன். தேர்வு பேப்பரில், வட்டத்தைக் கருப்பாக்கும் ஓ.எம்.ஆர். தாளில். தேர்வர்களுக்கு மதிப்பெண் அட்டை கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வங்கிக்கும் மறுபடி தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

* 2012: நேர்முகத் தேர்வும் பொதுவானது. யாருக்கு எந்த வங்கி என்பதையும் ஐ.பி.பி.எஸ். ஒதுக்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் கிளார்க் தேர்வு கம்ப்யூட்டரிலேயே நடந்தது.

* 2013: அதிகாரிகளுக்கான பி.ஓ. தேர்வும் கம்ப்யூட்டருக்கு மாறியது.

* 2015: முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு என இரண்டு கட்டங்கள் வந்தன.

* 2016: கிளார்க் பணிக்கு நேர்முகத் தேர்வு நீக்கப்பட்டது.

* 2019, 2021: முன்பு ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே இருந்தன. 2019-இல் கிராம வங்கித் தேர்வுகளும் 2021-இல் கிளார்க் தேர்வும் தமிழ் உள்ளிட்ட 13 வட்டார மொழிகளிலும் எழுத வழி பிறந்தது. ஆங்கில மொழித் திறன் பகுதி மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

* 2020: வங்கிகள் இணைந்ததால் அரசு வங்கிகளின் எண்ணிக்கை 12 ஆனது. ஸ்டேட் வங்கி தனக்கென்று தனித் தேர்வு நடத்துகிறது. மற்ற 11 வங்கிகளுக்கும் ஐ.பி.பி.எஸ். தளமே வாசல். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இந்த 11-இல் அடங்கும்.

தமிழ்நாட்டைச் சேர்ந்த தனியார் வங்கிகள் இந்தப் பட்டியலில் வராது. தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கி, கரூர் வைஸ்யா வங்கி ஆகியவை தங்கள் சொந்தத் தளங்களில் அறிவிப்பு வெளியிடும். அவற்றை அங்கேதான் பார்க்க வேண்டும்.

தளத்தின் உள்ளே என்ன நடக்கிறது?

நீங்கள் விண்ணப்பத்தை நிரப்பி 'சப்மிட்' பட்டனைக் கிளிக் செய்ததும், உங்கள் விவரங்கள் டேட்டாபேஸ் ஒன்றில் ஒரு வரிசையாகப் பதிவாகின்றன. டேட்டாபேஸ் என்பதைப் பெரிய பேரேடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெயர், பிறந்த தேதி, பிரிவு, மாநிலம், வங்கிகளின் விருப்ப வரிசை என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். உங்களுக்குக் கிடைக்கும் பதிவு எண்தான் அந்தப் பேரேட்டில் உங்கள் பக்க எண். பாஸ்வேர்டு அந்தப் பக்கத்தின் சாவி. இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆறேழு மாதத்திற்கு ஹால் டிக்கெட், ரிசல்ட், ஒதுக்கீடு எல்லாம் பார்க்க அவைதான் தேவை.

ஆன்லைன் தேர்வு என்றதும் வீட்டிலிருந்தே எழுதலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குறிப்பிட்ட மையத்துக்குப் போய் அங்குள்ள கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழிக்கப்படும்.

லட்சக்கணக்கானவர்கள் எழுதுவதால் தேர்வு பல வேளைகளில் நடக்கும். காலையில் எழுதியவருக்குக் கேள்வித்தாள் சுலபம், மாலையில் எழுதியவருக்குக் கடினம் என்றால் என்ன செய்வது? இதற்குச் 'சம சதமான முறை' என்ற கணக்கு இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். காலைத் தேர்வில் 60 மதிப்பெண் எடுத்தவர், தன்னோடு எழுதிய 100 பேரில் 80 பேரை முந்தியிருக்கிறார். மாலைத் தேர்வில் அதே 80 பேரை முந்துவதற்கு 52 மதிப்பெண்ணே போதுமானதாக இருந்தது. அப்படியானால் காலையின் 60-உம் மாலையின் 52-உம் சமம் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். மதிப்பெண்ணைவிட, கூட எழுதியவர்களில் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதே கணக்கு. "நான் அவனைவிட ரெண்டு கேள்வி கூடப் போட்டேன், எனக்குக் கிடைக்கலியே" என்று பலர் குழம்புவது இதனால்தான்.

கடைசிப் படி வங்கி ஒதுக்கீடு. இதையும் கம்ப்யூட்டர் புரோகிராமே செய்கிறது.

1. தேர்ச்சி பெற்றவர்களை இறுதி மதிப்பெண் வரிசையில் நிறுத்தும். பி.ஓ. பணிக்கு முதன்மைத் தேர்வும் நேர்முகத் தேர்வும் 80:20 என்ற விகிதத்தில் சேரும்.

2. இருவர் ஒரே மதிப்பெண் என்றால் வயதில் மூத்தவர் முன்னே நிற்பார்.

3. முதலில் நிற்பவரின் முதல் விருப்ப வங்கியில், அவருக்கு உரிய பிரிவில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் ஒதுக்கும். இல்லையென்றால் இரண்டாவது விருப்பம், மூன்றாவது விருப்பம் என்று போகும்.

4. பிறகு அடுத்தவர். இப்படியே காலியிடம் தீரும்வரை.

நானும் இதுபோன்ற புரோகிராம்கள் எழுதிப் பிழைப்பவன்தான். அதனால் சொல்கிறேன். இந்த நான்கு படிகளில் 'தெரிந்தவர் சிபாரிசு' என்பதற்கு ஒரு கட்டம் கிடையாது. 'முன்பணம் கட்டியவர்' என்பதற்கும் கட்டம் கிடையாது. உங்கள் விருப்ப வரிசை மட்டும் மிக முக்கியம். அதைக் கடைசி நிமிடத்தில் ஏனோதானோ என்று நிரப்பாதீர்கள். வீட்டில் கலந்து பேசி, பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு டைப் செய்திடவும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்ணப்பிக்கும் முன்

கீழே உள்ளவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடியும். அளவுகள் அண்மைய அறிவிக்கைகளின்படி தரப்பட்டுள்ளன. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை ஒருமுறை சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

* போட்டோ: 200 x 230 பிக்சல், 20 முதல் 50 கே.பி. வரை.

* கையெழுத்து: வெள்ளைத் தாளில் கருப்பு மையில். 140 x 60 பிக்சல், 10 முதல் 20 கே.பி. வரை. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போட்ட கையெழுத்தை ஏற்கமாட்டார்கள்.

* இடது கைப் பெருவிரல் ரேகை: 20 முதல் 50 கே.பி. வரை.

* உறுதிமொழி: அறிவிக்கையில் உள்ள ஆங்கில வாசகத்தை உங்கள் கையாலேயே எழுதி ஸ்கேன் செய்ய வேண்டும். 50 முதல் 100 கே.பி. வரை.

இவை தவிர, வெப்கேம் அல்லது மொபைல் மூலம் அந்த நேரத்திலேயே ஒரு போட்டோ எடுக்கவும் சொல்கிறார்கள்.

கே.பி. என்றால் என்ன? பைலின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொபைலில் எடுத்த போட்டோ ஒன்று 3,000 கே.பி.க்கு மேல்கூட இருக்கும். அதை அப்படியே அப்லோட் செய்தால் தளம் ஏற்காது. பணம் கொடுத்து வெளியில் போக வேண்டாம். விண்டோஸில் உள்ள பெயின்ட் புரோகிராமில் படத்தைத் திறந்து, தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். 'ரீசைஸ்' என்பதைக் கிளிக் செய்து, 'பிக்சல்ஸ்' என்பதைத் தேர்வு செய்து அளவைக் கொடுங்கள். ஜேபெக் பைலாகச் சேமித்திடுங்கள். பிறகு பைலின் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால் கே.பி. தெரியும்.

பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். முட்டத்தில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அப்பா பெயரைச் சேர்த்துச் சொல்வதும், வீட்டுப் பெயரைச் சேர்த்துச் சொல்வதும் ஊர் வழக்கம். அதையெல்லாம் விண்ணப்பத்தில் சேர்த்தால் ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர் என்று சரிபார்ப்பில் சிக்கல் வரும்.

கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். கடைசி நாள் இரவில் ஒரே நேரத்தில் எல்லோரும் தளத்துக்கு வருவார்கள். ஒரு கவுன்டரில் ஆயிரம் பேர் நின்றால் எப்படியோ, சர்வருக்கும் அப்படித்தான். பணம் கட்டும் பக்கம் பாதியில் நின்றால் உடனே மறுபடியும் கட்டாமல், முதலில் உங்கள் வங்கிக் கணக்கில் பணம் போயிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் முடிந்ததும் விண்ணப்பத்தையும் ரசீதையும் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள், பி.டி.எஃப். பைலாகவும் சேமித்திடுங்கள்.

வாசலில் நிற்கும் தரகர்கள்

எங்கள் தெருவில் ஒரு மாமி, மொபைலை நீட்டி, "இது உள்ளதா பாரு மக்கா" என்று கேட்டார். அவருடைய மகன் கிளார்க் தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரம். மெயிலில் ஒரு கடிதம் வந்திருந்தது. வங்கியின் சின்னம், முத்திரை, கையெழுத்து எல்லாம் பக்காவாக இருந்தன. 'உங்களுக்கு வேலை ஒதுக்கப்பட்டுள்ளது. திரும்பத் தரக்கூடிய டெபாசிட் தொகையை மூன்று நாளில் இந்தக் கணக்கில் கட்டவும்' என்று எழுதியிருந்தது. வீட்டில் நகையை எடுத்து வைத்திருந்தார்கள், அடகு வைப்பதற்கு.

முதலில் மகனை அழைத்து, பதிவு எண்ணைப் போட்டு ஐ.பி.பி.எஸ். தளத்தில் பார்க்கச் சொன்னேன். ரிசல்ட்டே வெளியாகவில்லை. ரிசல்ட் வராமல் ஒதுக்கீடு எப்படி வரும்? அடுத்து, மெயில் அனுப்பியவரின் முகவரியைப் பார்த்தோம். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடங்கக்கூடிய மெயில் கணக்கு அது. நகை பெட்டிக்குத் திரும்பிப் போனது.

இந்த மோசடி எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சந்தையில் பேரம் உண்டு, தரகர் உண்டு. அந்தப் பேச்சை வாசலுக்குக் கொண்டுவந்து, 'ஒரு இடம் இருக்கிறது, உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கிறோம்' என்கிறார்கள். மேலே பார்த்த நான்கு படிகள் தெரிந்தவரிடம் இது பலிக்காது. தெரியாதவரிடம்தான் பலிக்கும்.

உண்மையான கட்டணம் எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அண்மைய ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத் திறனாளிகளுக்கு 175 ரூபாய். பொதுப் பிரிவினருக்கு 850 ரூபாய். அது விண்ணப்பத்தின் உள்ளேயே, விண்ணப்பிக்கும்போதே, ஒரு தடவை கட்டுவது. தேர்வு முடிந்தபிறகு வேலைக்காகப் பணம் கேட்டு வரும் எந்தக் கடிதமும், எந்தப் போனும் போலிதான்.

முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

உண்மைத் தளத்தின் முகவரி 'ஐபிபிஎஸ் டாட் இன்'. விண்ணப்பப் பக்கத்துக்குப் போகும்போது அதற்கு முன்னால் 'ஐபிபிஎஸ்ஆன்லைன் டாட்' என்று சேர்ந்து வரலாம். அது சரிதான். ஆனால் 'ஐபிபிஎஸ் டாட் ஜாப்ஸ்2 டாட் இன்' என்று ஒரு முகவரி வந்தால்? இரண்டிலும் ஐபிபிஎஸ் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

முகவரியில் முதலில் வரும் ஒற்றைச் சாய்கோடு வரைக்கும் உள்ள பகுதியை எடுத்துக்கொண்டு, அதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். கடைசியில் 'இன்'. அதற்கு இடதுபக்கம் ஒட்டி இருப்பதுதான் வீட்டு உரிமையாளரின் பெயர். முதல் முகவரியில் உரிமையாளர் ஐபிபிஎஸ். இரண்டாவதில் உரிமையாளர் ஜாப்ஸ்2 என்ற யாரோ. ஐபிபிஎஸ் என்பது அவர் வீட்டுத் திண்ணையில் மாட்டிய போர்டு மட்டும்தான்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கான அடையாளம் அது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. திருடரும் பூட்டு வாங்கலாம். குரோம் பிரவுசர் 2023-இல் அந்தப் பூட்டுப் படத்தை எடுத்தே விட்டது.

வங்கிகளின் சொந்தத் தளங்களுக்கு ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. இந்திய வங்கிகளின் முகவரிகள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் உத்தரவிட்டது. வங்கிகளைத் தவிர வேறு யாருக்கும் அந்த முடிவு கிடைக்காது. ஸ்டேட் வங்கி, தனியார் வங்கிகளின் வேலை அறிவிப்புகளைப் பார்க்கும்போது முகவரி அப்படி முடிகிறதா என்று பாருங்கள்.

யாராவது ஏமாந்து பணம் கட்டிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அல்லது 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்தில் புகார் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் வேறு கணக்குக்குப் போவதற்கு முன் அதை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியது

உங்கள் பிரவுசரில் ஐ.பி.பி.எஸ். தளத்தைத் திறந்து புக்மார்க் செய்திடுங்கள். அடுத்த முறை கூகுளில் தேடாமல் புக்மார்க்கைக் கிளிக் செய்து போனால் போலித் தளத்தில் மாட்டும் வாய்ப்பு குறைவு. ஆண்டுதோறும் வெளியாகும் தேர்வு அட்டவணையை டவுன்லோட் செய்து பிரின்ட் எடுத்து, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பட்டம் பெற்றவர்களில், பி.ஓ. பணிக்கு 20 முதல் 30 வயதுவரை, கிளார்க் பணிக்கு 20 முதல் 28 வயதுவரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு வயதில் சலுகை உண்டு. கிளார்க் பணிக்கு இப்போது 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் மாறியிருக்கிறதே என்று அறிவிப்பைத் தவறவிட வேண்டாம்.

பிறகு பெயின்டைத் திறந்து உங்கள் போட்டோவையும் கையெழுத்தையும் அளவாக வெட்டி ஒரு போல்டரில் போட்டு வையுங்கள். அறிவிக்கை வெளியாகும் நாளில் நீங்கள் தயாராக இருப்பீர்கள். மிச்ச நேரம் முழுவதும் படிப்புக்கு.